பதினொரு மாதக் கணக்கு

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு
படம் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள்.
புரொஜெக்டருக்கு ராமேஸ்வரத்தில் முன்பணம் கொடுத்தாயிற்று.
என்னிடம் நாற்பது படங்கள் இருக்கின்றன:
வேதாகமப் பள்ளியின் தகரக் கூரை,
கரும்பலகையில் என் கோணல் எபிரெய எழுத்து,
மாமரத்தடியில் பட்டமளிப்பு.
எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மலாவி என்றால் மலேயாவா என்றார்
டீக்கடை சீனி முகமது.
ஆப்பிரிக்கா என்றேன்.
கடல் உண்டா?
கடல் இல்லை, கடல் மாதிரி ஓர் ஏரி.
அலை அடிக்கும், வள்ளம் போகும்,
வாயில் விட்டால் கரிக்காது.
'அப்ப அது கடல் மாதிரி இல்ல ஃபாதர்.'
நான் ஃபாதர் இல்லை, பாஸ்டர் என்று
பதினெட்டு வருடம் சொல்லி ஓய்ந்தாயிற்று.

அங்கே என்னை ம்பூசா என்றார்கள்.
மேய்ப்பன் என்று பொருள்.
ஓர் ஆட்டைக்கூட மேய்த்ததில்லை நான்;
என் அப்பா பாம்பன் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதினார்.
ஏரிக்கரை நெடுக மூங்கில் பரண்,
அதில் உசிப்பா என்றொரு பொடிமீன் காயும்,
நெத்திலிக்குச் சித்தப்பா மகன்.
முதல் வாரம் அந்த வாடையில்தான்
எனக்குத் தூக்கமே வந்தது.

நான் நடத்திய பாடம்: அடக்க ஆராதனை ஒழுங்கு.
எப்போது எழுந்து நிற்பது, எந்தச் சங்கீதம்,
மண்ணை எத்தனை தரம் போடுவது.
பத்தொன்பது பேர் நோட்டில் எழுதினார்கள்.
லிம்பானி மட்டும் எழுதாமல் என்னையே பார்த்தான்.

ஆகஸ்டில் அவன் குழந்தை காய்ச்சலில் போயிற்று.
அங்கி மாட்டிக்கொண்டு புத்தகத்தோடு போனேன்.
உள்ளே பெண்கள் தரையில்,
வெளியே ஆண்கள் தரையில்.
யாரோ எனக்கு நாற்காலி கொண்டுவர,
லிம்பானி எழுந்து அதை அப்பால் வைத்தான்.
'உட்காருங்கள் ம்பூசா. இது பாடம் இல்லை.'
விடியும்வரை உட்கார்ந்தோம்.
யாரோ பாடினார்கள், பாதியில் விட்டார்கள்.
கால் மரத்துப்போனது.
மடியில் இருந்த புத்தகத்தின் அட்டை
பனியில் நமுத்துப்போனது.

அதே மாதம் இங்கே
கச்சான் காற்றில்
ஞானத்துரையின் வள்ளம் திரும்பவில்லை.
கரண்ட் வந்த மூன்றாம் நாள்
போனில் படித்தேன்.
'ஐயா, உடல் கிடைக்கல,
எந்த ஒழுங்குல நடத்தணும்?'
உபதேசியார் ஏசுவடியான் கேட்டிருந்தார்.
உடல் இல்லாத அடக்கத்துக்கு
என் புத்தகத்தில் பக்கம் இல்லை.
நூற்று முப்பதாம் சங்கீதம் வாசியுங்கள் என்று அனுப்பினேன்.
'ஆழங்களிலிருந்து' என்று தொடங்கும்.
அனுப்பிய பிறகுதான் உறைத்தது.
அழிக்கப் போனேன்,
இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது.

வந்து ஒன்பது நாளாயிற்று.
தெற்குவாடிப் பக்கம் போகாமலிருக்க
எத்தனை வேலை இருக்கிறது ஒரு பாஸ்டருக்கு!
கமிட்டி, மணிக்கூண்டுக்குப் பெயிண்ட்,
கட்டாத மின்கட்டணம்.

நேற்றுச் சாயங்காலம் போனேன்.
எப்சிபா வலைக்கு ஈயமணி கோத்துக்கொண்டிருந்தாள்,
அடுத்தவர் வலை, கூலிக்கு.
பையன் ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தான்.
அதில் என் பையை வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தேன்.
'ஜெபம் பண்ணுங்க ஐயா.'
பண்ணலாம் என்றேன்.
பண்ணவில்லை.
ஐஸ் லாரி ஒன்று பின்னால் வந்து,
முன்னால் போய்,
மறுபடி பின்னால் வந்தது.
'அந்த ஊர் ஏரி ஆளை வாங்குமா?'
வாங்கும்.
'திருப்பிக் குடுக்குமா?'
சில சமயம்.
கைநிறைய ஈயமணியை என் பக்கம் தள்ளினாள்.
நான் கோத்ததெல்லாம் கோணல்.
ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்து
அவளே மறுபடி கோத்தாள்.

முன்பணம் கொடுத்தது கொடுத்ததுதான்,
படம் போடத்தான் வேண்டும்.
பட்டமளிப்புப் படத்தில் ஓரமாக
பாதி முகத்தோடு ஒருவன் நிற்பான்.
அது யார் என்று
யாராவது கேட்கிறார்களா பார்ப்போம்.